பகலில் எப்போது நிறுத்துவது, எதைச் சொல்வது?

கேள்வி: "அண்ணாச்சி, நான் நெல்லையிலிருந்து வந்து தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இரண்டு வருஷமாக நர்ஸாக வேலை பார்க்கிறேன். காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை ஷிஃப்ட். ஊரில் காலையும் மாலையும் குடும்ப ஜெபம் தவறாது. இங்கே அது நின்றே போய்விட்டது. பகலில் மூன்று வேளை வேலையை நிறுத்திவிட்டு ஜெபிக்கப் பழகு என்கிறார் தெரிந்த அக்கா ஒருவர். அது கத்தோலிக்கப் பழக்கம், நமக்கு எதற்கு என்கிறார் எங்கள் சபையில் ஒருவர். வேதத்தில் அப்படி உண்டா? உண்டென்றால் வார்டில் எப்படிச் செய்வது? கண்ணை மூடினால் மனசு எங்கேயோ ஓடுகிறது, அதற்கு வழி என்ன?"

தங்கச்சி, "கத்தோலிக்கப் பழக்கம்" என்ற பேச்சை முதலில் முடித்துவிடுவோம். அதற்கு அதிக நேரம் ஆகாது. "அந்திசந்தி மத்தியான வேளைகளிலும் நான் தியானம்பண்ணி முறையிடுவேன்" என்பது 55-ஆம் சங்கீதம். ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் முப்பது நாளைக்கு விண்ணப்பம் பண்ணக்கூடாது என்று சட்டம் போட்ட பிறகும், தானியேல் எருசலேமுக்கு நேரான ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தினம் மூன்று வேளை முழங்காலில் நின்றார். அப்போஸ்தலர் 3-ல் பேதுருவும் யோவானும் "ஜெபவேளையாகிய ஒன்பதாம்மணி நேரத்திலே" ஆலயத்துக்குப் போகிறார்கள். ஜெபத்துக்கென்று ஒரு வேளை ஏற்கெனவே இருந்தது, அவர்கள் அந்த நேரத்துக்குப் போனார்கள், அவ்வளவுதான். கொர்நேலியு தேவதூதனைக் கண்டதும் அதே ஒன்பதாம் மணியில்தான். உங்கள் சபை பெந்தெகொஸ்தே சபை என்றால் அந்தச் சகோதரரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: பெந்தெகொஸ்தே நாளில் ஆவியானவர் இறங்கியபோது "பொழுது விடிந்து மூன்றாம்மணி வேளை" என்று பேதுருவே மணி சொல்கிறார்.

எனக்கு அதிகம் பிடித்தது அப்போஸ்தலர் 10-ல் வருவது. பேதுரு ஆறாம் மணி நேரத்தில், அதாவது நடுப்பகலில், ஜெபிக்க மாடிக்கு ஏறுகிறார். அடுத்த வசனமே "அவன் மிகுந்த பசியடைந்து சாப்பிட மனதாயிருந்தான்" என்கிறது. கீழே சமையல் நடக்கிறது, மேலே இவர் பசியோடு ஜெபிக்கிறார். லஞ்சுக்கு முன்னால் ஜெபித்தால் சாப்பாட்டு நினைப்பு வருகிறதே என்று இனி நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

இந்த மணிக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரை உள்ள பகலைப் பன்னிரண்டாகப் பிரித்தார்கள். மூன்றாம் மணி நம் காலை ஒன்பது மணிக்குப் பக்கம், ஆறாம் மணி நண்பகல், ஒன்பதாம் மணி பிற்பகல் மூன்று. மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் இயேசுவைச் சிலுவையில் அறைந்தது மூன்றாம் மணி, இருள் சூழ்ந்தது ஆறாம் மணி, அவர் ஜீவனை விட்டது ஒன்பதாம் மணி. ஆதிச் சபையார் பகல் ஜெபத்தை இந்த மூன்றோடும் சேர்த்து நினைத்துக்கொண்டார்கள். முதல் நூற்றாண்டின் கடைசி வாக்கில் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் 'திதகே' என்ற சிறு போதனை நூல், பரமண்டல ஜெபத்தை நாளுக்கு மூன்று தடவை சொல்லச் சொல்கிறது. அப்போது கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்ற பிரிவே கிடையாது. அதனால் இது யாருடைய தனிச் சொத்தும் இல்லை.

மடங்கள் வந்த பிறகு மூன்று எட்டானது. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற துறவி எழுதிய ஒழுங்குமுறையில் பகலில் ஏழு வேளை, நள்ளிரவில் ஒரு வேளை. "ஒருநாளில் ஏழுதரம் உம்மைத் துதிக்கிறேன்" என்ற 119-ஆம் சங்கீத வசனத்தையே அவர் ஆதாரமாகக் காட்டுகிறார். 150 சங்கீதங்களையும் ஒரு வாரத்தில் முடித்துவிட வேண்டும். 1549-ல் இங்கிலாந்தில் கிரான்மர் என்ற பேராயர் பொது ஜெப புத்தகம் கொண்டுவந்தபோது இந்த எட்டையும் காலை, மாலை என்று இரண்டாகச் சுருக்கினார், வேலைக்குப் போகிறவர்களும் வந்து உட்காரட்டும் என்று. நம் தெற்குச் சீமைக் கிறிஸ்தவ வீடுகளில் விடிந்ததும் ஒன்று, விளக்கு வைத்ததும் ஒன்று என்று நடக்கும் குடும்ப ஜெபத்தில் அந்த இரண்டின் சாயல் இருக்கிறது என்றே நினைக்கிறேன். அதாவது உங்கள் வீட்டில் இரண்டு வேளை பத்திரமாக இருந்தது. விடுபட்டது மத்தியானம். அந்த அக்கா சேர்க்கச் சொல்வதும் அதைத்தான்.

சரி, வார்டில் எப்படி? இதற்குச் சொந்தமாகக் கொஞ்சம் அடிபட்டிருக்கிறேன். 1997-ல் நாகர்கோவிலிலிருந்து இங்கே ஒரு துணி ஃபாக்டரியில் கணக்கு பார்க்க வந்தேன். வந்த புதிதில் தனிமை. எங்கேயோ இந்த ஏழு வேளைக் கணக்கைப் படித்துவிட்டு, நாமும் செய்வோமே என்று ஆரம்பித்தேன். விடியற்காலை, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, மூன்று, சாயங்காலம், படுக்கப் போகும்போது என்று ஏழு. ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் மூன்று மணிக்குச் சம்பளப் பட்டியலோடு மேலாளர் நிற்கிறார், நான் ஸ்டோர் ரூமில் சங்கீதம் படித்துக்கொண்டிருக்கிறேன். அவர் திட்டியதுகூடப் பரவாயில்லை. அவர் வந்து கெடுத்துவிட்டாரே என்று அன்றைக்கு முழுவதும் உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தேன் பாருங்கள், அதுதான் வேடிக்கை. ஜெபத்தைக் கெடுத்தவன் மேல் கோபப்பட்டே ஜெபம் கெட்டது.

பிறகுதான் தெரிந்தது, நம் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு மடம் முழுக்க இதே சிக்கலில் மாட்டியிருக்கிறது என்று. என்-3 சாலையில் மேரியன்ஹில் என்றால் நம்மில் பலருக்கு டோல் கேட்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெயர் 1882-ல் ஃபிரான்ஸ் ஃபானர் என்ற ஆஸ்திரியத் துறவி பைன்டவுனுக்குப் பக்கத்தில் தொடங்கிய டிராப்பிஸ்ட் மடத்தின் பெயர். டிராப்பிஸ்ட் என்றால் பெனடிக்ட்டின் ஒழுங்கை எழுத்துக்கு எழுத்து பிடிக்கிறவர்கள். நடு ராத்திரிக்கு மேல் எழுந்து சங்கீதம், நாள் முழுக்க மவுனம், ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் கோவில். சில வருஷங்களிலேயே உலகத்தின் மிகப் பெரிய டிராப்பிஸ்ட் மடமாக அது வளர்ந்துவிட்டது. கூடவே பள்ளிக்கூடம், பண்ணை, அச்சகம், குதிரையில் நாள் கணக்கில் போக வேண்டிய தூரத்தில் கிளை மிஷன்கள். ஐம்பது மைல் தள்ளிச் சுலு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர் மூன்று மணிக்குக் கோவிலில் நின்று எப்படிப் பாடுவார்? மவுன விரதத்தோடு எப்படிப் பாடம் எடுப்பார்? மேலிடத்துக்கும் ஃபானருக்கும் இழுபறி நடந்தது. 1892-ல் அவரைப் பொறுப்பிலிருந்து நிறுத்தி வைத்தார்கள், அடுத்த வருஷம் விலகிக்கொண்டார். கடைசியில் 1909-ல் ரோம் அவர்களை டிராப்பிஸ்ட் சபையிலிருந்தே பிரித்துத் தனி மிஷனரி சபை ஆக்கியது. மடத்துக்குள்ளேயே வாழ்ந்தவர்களுக்கே பள்ளிக்கூடத்தையும் இந்த ஜெப வேளைகளையும் சேர்த்துக் கட்டி இழுக்க முடியவில்லை என்றால், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்க்கும் உங்களால் முடியவில்லை என்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதே பெனடிக்ட்டின் ஒழுங்கில் 50-ஆம் அதிகாரம் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. வயலில் தூரமாக வேலை செய்கிறவர்கள் வேளை வந்ததும் மடத்துக்கு ஓடி வர வேண்டாம், வேலை செய்கிற இடத்திலேயே முழங்கால் போட்டு முடிக்கட்டும் என்கிறது. பயணத்தில் இருப்பவர்கள் முடிந்த அளவுக்குச் செய்துகொள்ளட்டும், வேளையை மட்டும் விட்டுவிட வேண்டாம். நீங்கள் தூரத்து வயலில் இருக்கிறீர்கள். உங்களுக்கு உரியது இந்த அதிகாரம்.

ஆகவே நான் சொல்வது: மூன்றை இப்போது தொடாதீர்கள். நடுப்பகல் ஒன்றை மட்டும் பிடியுங்கள். இரண்டு நிமிடம் போதும்.

ஏன் இரண்டு நிமிடம்? இதற்கும் நம் நாட்டில் ஒரு கதை உண்டு. 1918 மே 14 அன்று கேப்டவுனில் சிக்னல் ஹில்லிலிருந்து வழக்கம்போல நண்பகல் பீரங்கி வெடித்தது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். நகர மேயர் சர் ஹாரி ஹேண்ட்ஸ் தம் மகனைப் போரில் பறிகொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பீரங்கிச் சத்தம் கேட்டதும் எல்லோரும் இருக்கிற இடத்தில் நின்று, போரில் இருப்பவர்களையும் இறந்தவர்களையும் நினைத்து மவுனமாக இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. பிரைடோன் என்ற கவுன்சிலர் சொன்ன யோசனை அது. டிராம் நின்றது, குதிரை வண்டி நின்றது, அடர்லி தெருவில் நடந்தவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள். முதல் நாள் மூன்று நிமிடம். அது நீளமாகத் தெரிந்ததால் மறுநாளிலிருந்து இரண்டாக்கினார்கள். அதன் பிறகு தினமும் நடந்தது. இன்று உலகம் நவம்பர் 11-ல் அனுசரிக்கும் இரண்டு நிமிட மவுனம் இங்கிருந்து போனதுதான். கேப்டவுனில் அதைப் பார்த்திருந்த சர் பெர்சி ஃபிட்ஸ்பாட்ரிக், அவரும் மகனை இழந்தவர், லண்டனுக்கு யோசனை அனுப்ப, 1919-ல் மன்னர் அதை அறிவித்தார்.

இதில் நான் கவனித்தது ஒன்றுதான். கேப்டவுன்காரர்கள் யாரும் பக்தி பொங்கும்வரை காத்திருக்கவில்லை. பீரங்கி வெடித்தது, நின்றார்கள். நிற்கச் சொன்னது வெளியிலிருந்து வந்த சத்தம். ஜெபிக்கத் தோன்றும்போது ஜெபிக்கலாம் என்று விட்டால் மத்தியானத்தில் யாருக்கும் தோன்றாது. காலையில் பயம் இருக்கும், இரவில் களைப்பு இருக்கும், இரண்டும் தானாகவே ஜெபத்துக்குத் தள்ளும். மத்தியானத்தில் வேலை மட்டும்தான் இருக்கும். அதனால்தான் பழைய ஆட்கள் மணி கட்டினார்கள்.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கும் இந்த மணிக்கும் பழைய உறவு. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், கையில் மணியை வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி, சிறுவர்களையும் ஆண்களையும் கூட்டி, தமிழில் மொழிபெயர்த்து வைத்திருந்த ஜெபங்களை நாளுக்கு இரண்டு தடவை சொல்லிக் கொடுத்ததாகத் தாமே கடிதத்தில் எழுதியிருக்கிறார். கத்தோலிக்கக் கோவில்களில் காலை, நண்பகல், மாலை என்று அடிக்கும் மணிக்குச் சொல்வது மூவேளைச் செபம். பெரியவர்கள் திரிகால செபம் என்பார்கள். கபிரியேல் மரியாளிடம் வந்து சொன்ன செய்தியை மூன்று சிறு வாக்கியங்களில் நினைப்பதுதான் அதன் சாரம். மும்மூன்றாக மூன்று தடவை மணி அடித்து, சற்று விட்டு ஒன்பது அடிப்பார்கள். சொல்லி முடிக்க இரண்டு, மூன்று நிமிடம்தான். நீங்கள் மரியாளிடம் ஜெபிக்கிற சபையைச் சேர்ந்தவர் இல்லை, அதைச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதன் அளவைப் பாருங்கள் என்கிறேன். ஒரு மணி, தெரிந்த சில வரி, மறுபடி வேலை.

என் மனைவி டோங்காட்டில் பிறந்த கத்தோலிக்கப் பெண், அதனால் இந்த விஷயத்தில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி உண்டு. அவருடைய ஆயா கரும்புத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இங்கே பாட்டியை ஆயா என்றுதான் சொல்வார்கள், உங்களுக்கு இதற்குள் பழகியிருக்கும். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து தோட்டக் கூலிகளோடு வந்த முதல் கப்பலான ட்ரூரோவிலேயே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். இரண்டு வருஷத்தில், இலங்கையில் தமிழரிடையே ஊழியம் செய்திருந்த ரால்ஃப் ஸ்டாட் என்ற மெதடிஸ்ட் போதகர் டர்பன் இருக்கும் இந்த நேட்டாலுக்கு வந்து சேர்ந்தார். ஆனால் தோட்டத்துக் கூலிக்குக் கோவில் மணி எங்கே கேட்கும்? கேட்டது தோட்டத்து மணி. வேலைக்கு எழுப்புகிற மணி, சாப்பாட்டுக்கு விடுகிற மணி. அந்தச் சாப்பாட்டு மணிக்குத்தான் ஆயா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று முணுமுணுப்பாராம். இப்போது "அருள் நிறைந்த மரியே" என்று மாறிவிட்ட அந்த ஜெபத்தின் பழைய தமிழ் அது. துரையின் மணியைத் திருடித் தன் கோவில் மணியாக்கிக்கொண்டார் என்று என் மனைவி சொல்வார். இதைவிட நல்ல உபாயத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

உங்கள் வார்டிலும் அப்படித் திருட ஒன்று இருக்கிறது: கை கழுவுவது. சோப்புப் போட்டுக் கழுவ நாற்பது முதல் அறுபது விநாடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பரமண்டல ஜெபத்தை அவசரமில்லாமல் தமிழில் சொல்லிப் பாருங்கள், எனக்கு அரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகிறது. கண்ணை மூட வேண்டாம், கை கூப்ப வேண்டாம், யாருக்கும் தெரியவும் தெரியாது. எல்லாக் கை கழுவலுக்கும் சொல்லப் போனால் நாலே நாளில் அது வெறும் ஓசையாகிவிடும். மதிய மருந்து கொடுத்து முடித்த பிறகு வருகிற அந்த ஒரு கழுவலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆதிச் சபையின் ஒழுங்கு நூல் ஒன்றில், ராத்திரி எழுந்து ஜெபிக்கிறவன் தண்ணீரில் கை கழுவிவிட்டு ஜெபிக்கட்டும் என்றே இருக்கிறது. ஆகவே இதுவும் புதுசு இல்லை.

அப்புறம் உணவு இடைவேளை. ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் பொதுவாக ஒரு மணி நேர இடைவேளை தர வேண்டும், எழுத்தில் ஒப்புக்கொண்டால் அரை மணியாகக் குறைக்கலாம் என்பது இந்நாட்டின் 1997-ஆம் வருஷ வேலை நிபந்தனைச் சட்டம். அந்த அரை மணியில் முதல் இரண்டு நிமிடத்தைக் கேட்கிறேன். கடைசி இரண்டு நிமிடம் வேண்டாம். கடைசிக்கு வைத்தால் போன் அதைத் தின்றுவிடும்.

என்ன சொல்வது? முதல் ஆறு மாதத்துக்குச் சொந்த வார்த்தையில் ஜெபிக்காதீர்கள் என்றால் உங்கள் சபையில் என்னை அடிக்க வருவார்கள். இருந்தாலும் அதையே சொல்கிறேன். களைத்த மனசுக்கு வார்த்தை தேடும் வேலையையும் கொடுத்தால், அது தேடப் போன இடத்திலேயே தங்கிவிடும். இரவல் வார்த்தை இருந்தால் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். துதிக்கு 117-ஆம் சங்கீதம், மொத்தமே இரண்டு வசனம்: "ஜாதிகளே, எல்லாரும் கர்த்தரைத் துதியுங்கள், ஜனங்களே, எல்லாரும் அவரைப் போற்றுங்கள். அவர் நம்மேல் வைத்த கிருபை பெரியது. கர்த்தரின் உண்மை என்றென்றைக்குமுள்ளது. அல்லேலூயா." சுலு, இந்தியர், வெள்ளைக்காரர், சோமாலியா அகதி என்று ஒரே வார்டில் படுத்திருக்கும்போது அந்த "ஜாதிகளே, எல்லாரும்" என்பது டர்பனில் கொஞ்சம் வேறு மாதிரி ஒலிக்கும். அதன் பின் பரமண்டல ஜெபம். அதன் பின் அந்த நேரத்தில் நினைவுக்கு வருகிற ஒரே ஒரு படுக்கையின் நோயாளி. பெயர் மட்டும் போதும், விவரம் கர்த்தருக்குத் தெரியும். முடிந்தது. தமிழில் சொல்லுங்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம்தான் வரும், அவர்கள் அதில் ஜெபிக்கட்டும். உங்களுக்கு வலித்தால் "அம்மா" என்றுதானே வருகிறது?

இனி மனசு ஓடும் விஷயம். மதியம் ஒன்று, இரண்டு மணிக்கு வார்டு கடிகாரத்தை எத்தனை தடவை பார்க்கிறீர்கள் என்று எண்ணியிருக்கிறீர்களா? நாலாம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் இருந்த எவாக்ரியுஸ் என்ற துறவி இதை எழுதி வைத்திருக்கிறார். பகல் ஐம்பது மணி நேரம் நீள்வது போலத் தோன்றும், சூரியன் நகரவே இல்லை என்று படும், சாப்பாட்டு வேளையான ஒன்பதாம் மணி வந்துவிட்டதா என்று குடிசையை விட்டு வெளியே வந்து பார்க்கச் சொல்லும், இந்த இடமே பிடிக்காமல் போகும், வேறு ஊருக்குப் போனால் நன்றாக இருக்கலாமே என்று நினைக்க வைக்கும். இதை அவர் மத்தியானப் பிசாசு என்றார். 91-ஆம் சங்கீதத்தில் "மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்" என்று வருகிறதே, அதிலிருந்து எடுத்த பெயர். வேறு ஊர், வேறு வேலை என்ற நினைப்பு உங்களுக்கு எந்த நேரத்தில் வருகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். பெரும்பாலும் பகல் இரண்டு மணிக்குத்தான் வரும். எனக்கு அப்படித்தான். இருபத்தைந்து வருஷம் தினம் இரண்டு மணிக்கு நாகர்கோவிலுக்குத் திரும்பிப் போயிருக்கிறேன்.

இதற்கு வனாந்தரத்தார் வைத்திருந்த மருந்து ஒரே ஒரு வரி. ஐந்தாம் நூற்றாண்டில் காசியன் என்பவர் அதைக் குறித்து வைத்தார். 70-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம்: "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்." பசித்தாலும், தூக்கம் வந்தாலும், கோபம் வந்தாலும், மனசு அலைந்தாலும் இதே வரி. பிறகு மடங்களில் ஒவ்வொரு வேளை ஜெபத்துக்கும் இதுவே தொடக்க வரி ஆகிவிட்டது. மனசு ஓடினால் திட்டாதீர்கள், துரத்தாதீர்கள். இந்த வரியைச் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். இரண்டு நிமிடத்தில் ஆறு தடவை ஓடினால் ஆறு தடவை சொல்லுங்கள். அன்றைக்கு உங்கள் ஜெபமே அந்த வரிதான், அதில் ஒன்றும் குறைந்துவிடாது.

தியானத்தை, அதாவது நாளைத் திரும்பிப் பார்ப்பதை, வார்டுக்குள் வைக்காதீர்கள். இயேசு சபையைத் தொடங்கிய இக்னேஷியஸ் லொயோலா நண்பகலிலும் இரவிலும் ஆத்தும சோதனை செய்யச் சொன்னார். நன்றி சொல்வது, வெளிச்சம் கேட்பது, அன்றைய நாளை ஒவ்வொரு மணியாக நினைத்துப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்கென்று ஒன்றைத் தீர்மானிப்பது. நல்ல முறைதான், ஆனால் நண்பகலில் ஒரு நர்ஸ் "இன்று காலை என்ன தப்பு செய்தேன்" என்று யோசிக்க ஆரம்பித்தால் அடுத்த ஊசி போடும்போது கை நடுங்கும். அதை ஏழு மணிக்கு மேல் வீடு திரும்பும் டாக்ஸியில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுச் சத்தம் காதைக் கிழிக்கும், தெரியும். ரோபாட்டில், அதாவது நம் ஊர் சிக்னலில், வண்டி சிவப்புக்கு நிற்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரத்தை நினைத்துப் பார்க்கலாம். டர்பனில் சிவப்புக்குப் பஞ்சமில்லை. ஜூன் மாதத்தில் ஐந்தேகாலுக்கே இருட்டத் தொடங்கிவிடும், டிசம்பரில் ஏழு மணிக்கும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும். "மாலை ஜெபம்" என்று ஊரில் ஆறரைக்கு விளக்கு வைத்த கணக்கு இங்கே செல்லாது. வெளிச்சத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், கடிகாரத்தைப் பார்த்து வேண்டாம்.

கடிகாரத்தை நம்பாததற்கு இன்னொரு காரணம் 2023. லோட்ஷெட்டிங், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது, உச்சத்தில் இருந்த வருஷம், நீங்கள் அப்போது வந்திருக்க மாட்டீர்கள். வீட்டில் திடீரென்று எல்லாம் அணைந்து, ஃப்ரிட்ஜ் சத்தமும் நின்று, தெருவே அமைதியாகிவிடும். என் மனைவி மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு, கரண்ட் கம்பெனியான எஸ்காம் நமக்கு மணி அடிக்கிறான் என்பார். அந்த வருஷம் போல எங்கள் வீட்டில் ஜெபம் நடந்ததில்லை. இப்போது கரண்ட் ஒழுங்காக வருகிறது, நாங்கள்தான் ஒழுங்காக இல்லை.

ஒன்று மறந்துவிட்டேன். உங்கள் நகரத்தில் டாக்டர் யூசுஃப் தாதூ தெருப் பக்கம், அதாவது பழைய கிரே ஸ்ட்ரீட் பக்கம், ஜும்மா மசூதியும் இம்மானுவேல் கதீட்ரலும் அடுத்தடுத்து இருக்கின்றன, நடுவே மதரஸா ஆர்கேட் என்ற கடைச் சந்து. மதியம் பாங்கு சொல்லும்போது அந்தக் கடைக்காரர்களில் சிலர் கல்லாவைப் பூட்டிவிட்டு எழுந்து போவதைப் பல வருஷம் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் நிற்பார், இவர் போய்விடுவார். வேலையை நிறுத்த முடியாது என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் பொய் என்று எனக்குக் காட்டியது அவர்கள்தான். நீங்கள் கல்லாவில் இல்லை, நோயாளி பக்கத்தில் இருக்கிறீர்கள், அப்படியே எழுந்து போக முடியாது. அது வேறு.

நைட் ஷிஃப்ட் மாறி வரும்போது என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். நடுப்பகலுக்குப் பதில் நள்ளிரவு. பவுலும் சீலாவும் பிலிப்பி சிறையில் ஜெபித்துப் பாடியது நடு ராத்திரியில்தான், "காவலில் வைக்கப்பட்டவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்." நீங்கள் பாடிவிடாதீர்கள், தூங்குகிறவர்கள் எழுந்துவிடுவார்கள். அதே 117, அதே பரமண்டல ஜெபம், அதே ஒரு படுக்கை. ஒரு நாள் தவறிவிட்டால் மறுநாள் இரண்டாகச் செய்து கணக்குத் தீர்க்க வேண்டாம். இது தவணைக் கடன் இல்லை. பாதி ஜெபத்தில் அவசர மணி அடித்தால் அப்படியே விட்டுவிட்டு ஓடுங்கள். திரும்பி வந்து மிச்சத்தைச் சொல்லவும் வேண்டாம். ஓடுகிற ஓட்டத்தில் ஒரு "ஆமென்" மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள்.